அந்தத் திருகைத் தொடாதீங்க

தொடாதீங்க சார்! அந்த வயர்லெஸ் செட்டுத் திருகத் தொடாதீங்க. இரைச்சலாத்தான் இருக்கும். இருக்கட்டும். நீங்க பேசுறது எனக்குக் கேக்கும், நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும், போதும்லா. சத்தம் கூடுதலா இருந்தா ஃபேன வேணா நிறுத்துதேன். அதுதான் கடகடன்னு கெடக்கு. செட்டு அப்படியே இருக்கட்டும்.

இப்படி உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. கம்பெனிலருந்து ஆள் அனுப்புதோம், ஆள் அனுப்புதோம்னு போன்ல சொல்லிச் சொல்லி, இன்னைக்குத்தான் ஒரு முகத்தப் பாக்கேன். நீங்க எஞ்சினியரா? விக்கிற ஆளா? சரி, அதுவும் நல்லதுதான். எஞ்சினியர்னா நான் சொல்லி முடிக்கதுக்குள்ள ‘அப்படி வரவே வராதே சார்’னு சொல்லிருவாரு. நீங்க கொஞ்சம் காது குடுப்பிய.

ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். பேசிக்கிட்டு இருக்கும்போது நான் திடீர்னு பேச்ச நிறுத்தினா கோவிச்சுக்கக் கூடாது. இந்தச் செட்டுல கொஞ்ச முன்னாடி ஒருத்தன் பேசிக்கிட்டிருந்தான். நீங்க படியேறி வரும்போதுதான், பாதி வார்த்தைல நின்னுபோச்சி. ‘மெக்கானிக்கே, இன்னைக்கு நல்ல சாள மீனு’ன்னான். அவ்வளவுதான். பொறவு வெறும் இரைச்சல். வருவான். வராம எங்க போவான். நீங்க சொல்லுங்க, மானம் எப்படி இருக்கு? சன்னல் வழியா கிழக்க பாருங்க. கருப்பா இருக்கா, இல்ல சும்மா மூடாக்கா? நான் பாக்க மாட்டேன் சார். பயம்லாம் கிடையாது. கழுத்து வலி.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆமா, உங்க கன்வர்ட்டரு.

நான் தூத்துக்குடிலயே பொறந்தவன். ஹார்பருக்குக் கூப்பிடு தூரத்துல கடை. பால்வண்ணம் எலக்ட்ரானிக்ஸ்னு கீழ போர்டு பாத்திருப்பிய. மீன் புடிக்கிற போட்டுச் சாமானா ரிப்பேர் பாத்துத்தான் சோறு திங்கேன். ஆனா போட்டுல ஒரு நாள் கால் வச்சதில்ல. ஏன்னு கேக்காதீங்க. தேவை இல்ல. பல்லு டாக்டரு என்ன, நம்ம வாய்க்குள்ளயா போயி உக்காருதாரு? சாமான் கடைக்கு வரும், நான் பாப்பேன், திரும்பிப் போகும். எனக்கும் கடலுக்கும் வேற ஒரு சம்பந்தமும் வேண்டாம்னு இருந்தேன்.

அங்கனதான் வந்தான் ரெமின்னு ஒரு பய. போட்டு டிரைவரு. நல்ல டிரைவருன்னு சொல்லுதாவ, எனக்குத் தெரியாது. எம் பொண்ணு கோமதியக் கல்யாணம் பண்ணியிருக்கான். நான் பண்ணி வைக்கல சார், அவங்களே பண்ணிக்கிட்டாங்க. சாதி வேற, வேதம் வேறன்னு எங்க தெருவே பேசிச்சி. எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல, சத்தியமாச் சொல்லுதேன். கடல் போற பய. அதுதான். தரையில நடக்கிற மாப்பிள்ளை எத்தனை பேரு இருக்கான்? பேங்க்ல இருக்கான், பள்ளிக்கூடத்துல இருக்கான். இவளுக்குத் தண்ணிக்குள்ள இருந்துதான் எடுக்கணும்னு என்ன?

கல்யாணம் முடிஞ்சு மொத நாளு கடைக்கு வந்தான். மாமான்னான். ‘கடையில என்னய மாமான்னு கூப்பிடாத, எல்லாரும் கூப்பிடுத மாதிரி மெக்கானிக்குன்னு கூப்பிடு’ன்னு சொல்லிட்டேன். அன்னையிலருந்து மெக்கானிக்கேதான். ஒரு தடவகூட வாய் தவறினதில்ல. சொன்னாக் கேக்கணும், சரி, கேக்கான். ஆனா இப்படியா கேக்கிறது?

அவன் போட்டுல பேட்டரி இருபத்தி நாலு வோல்ட்டு. வயர்லெஸ் செட்டு, வழி காட்டுற ஜிபிஎஸ்ஸு, எக்கோ, இந்த மூணுக்கும் வேண்டியது பன்னெண்டு. எக்கோன்னா தண்ணிக்கடியில மீன் கூட்டம் நிக்கத டிவி மாதிரி காட்டுற பெட்டி. இருபத்தி நாலப் பன்னெண்டாக்கிக் குடுக்கதுக்கு நடுவுல உங்க கன்வர்ட்டரு. பழைய ரெகுலேட்டரு மிச்சக் கரண்ட்டச் சூடாக்கி வீணாக்கும். இது அப்படி இல்ல, ஒரு நொடிக்கு லட்சந் தடவ வெட்டி வெட்டி விட்டு, வேண்டியத மட்டும் குடுக்கும். நல்ல சாமான்தான், இல்லங்கல. எங்கயாவது வயரு உரசி ஷார்ட்டாச்சின்னா தன்னக் காப்பாத்திக்கிட வாய மூடிக்கிடும். ஷார்ட்டு போனதும் தானாத் தெறந்துக்கிடும். உங்க பெட்டி மேல பெருசா அச்சடிச்சே போட்டிருக்கிய.

தெறக்கல சார். அதுதான் பிராது.

கன்வர்ட்டரக் கழட்டிக் கொண்டுவந்து இந்த மேசைல வச்சான். ‘கடல்ல திடீர்னு மூணும் ஒண்ணாச் செத்துப் போச்சி மெக்கானிக்கே. மெயின அணைச்சி அணைச்சிப் போட்டேன். ம்ஹும். வீடு வரைக்கும் கண்ணக் கட்டிக்கிட்டு வந்த மாதிரிதான் வந்தேன். இங்க வந்து போட்டக் கட்டிட்டு, சாயந்தரம் போட்டுப் பாக்கேன், சிரிச்சிக்கிட்டு எரியுது.’

நான் மேசைல வச்சு ஒரு செட்டு மாட்டினேன். ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு முனையையும் சேத்தேன். சட்டுனு பொறி. லைட்டு அணைஞ்சது. எடுத்தேன், லைட்டு வந்துருச்சி. மறுபடி சேத்தேன், எடுத்தேன், வந்துருச்சி. கை வலிக்கிற வரைக்கும் ஷார்ட்டு பண்ணேன், ஒவ்வொரு தடவயும் நல்ல பிள்ளையா எந்திரிச்சி நிக்கி. ‘இதுல ஒண்ணும் இல்லல, நீ வயரப் பாரு’ன்னு அனுப்பிட்டேன். மறு வாரம் மறுபடி செத்துப்போச்சி. புதுசு ஒண்ணு மாத்திக் குடுத்தேன். அதுவும் கடல்ல செத்துப்போச்சி, கரையில பொழச்சிக்கிடுச்சி. உங்க ஆபீசுக்குப் போன் பண்ணா ஒரு அம்மா, ‘உப்புக் காத்து சார்’ங்காவ. உப்புக் காத்து கரையில மட்டும் அடிக்காதாக்கும்?

பொறவு கோமதி வந்தா. எப்பவும் மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவா, வச்சிட்டு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவா. அன்னைக்கு வச்சிட்டு அங்கனயே நின்னா.

‘அப்பா, அவங்கப்பா கதை உங்களுக்குத் தெரியும்லா’ன்னா.

தெரியும். ஊருக்கே தெரியும். ரெமியோட அப்பா சவேரியானும் போட்டு டிரைவருதான். நல்ல மீன் ஒரு எடத்துல அகப்பட்டா, மத்த போட்டுக்காரன் செட்டுல கூப்பிட்டு ‘எங்கடே நிக்க, எங்கடே நிக்க’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். பொய் சொல்லவும் மனசு வராது, எடத்தச் சொல்லவும் மனசு வராது. அதனால அந்த மனுசன் செட்ட அணைச்சிருவாரு. அப்படி அணைச்ச ஒரு நாளுதான் காத்து வருது, கரைக்கு ஓடுங்கன்னு எல்லாப் போட்டும் எல்லாப் போட்டயும் கூப்பிட்டுது. அவரையும் கூப்பிட்டுது. கூப்பிட்டுக்கிட்டே இருந்துது. அவரும் வரல, போட்டும் வரல, பலகை ஒண்ணுகூடக் கரை ஒதுங்கல. அன்னையிலருந்து அந்தக் கூட்டத்துல எந்தப் போட்டும் ஹார்பர் வாயத் தாண்டின பொறவு செட்டு அணைக்கிறதில்ல. என்ன ஆனாலும் சரி. திரும்பி வந்து கயிறு கட்டின பொறவுதான் அணைப்பாங்க.

‘செட்ட அணைக்காம இருந்தும் செட்டு செத்துப்போகுதுன்னா அவரு என்னதாம்ப்பா பண்ணுவாரு?’ன்னா கோமதி. ‘ராத்திரி தூங்குறதே இல்ல. கரையில நல்லா இருக்கு, கடல்லதான் சாகுதுன்னா, கடல்ல போயித்தான பாக்கணும்? நீங்க ஒரு நாள் கூடப் போயிட்டு வாங்கப்பா.’

‘ஏட்டி, எனக்குக் கடையில ஜோலி கெடக்கு’ன்னேன். அவ சாப்பாட்டு வாளியத் தொறந்து, தட்டு எடுத்து வச்சி, சோத்தப் போட்டு, அதப் பாத்துக்கிட்டே நின்னா. அழுதிருந்தாக்கூடப் போயிருக்க மாட்டேன் சார்.

கடை பேரு கெட்டுரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் போனேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

ஸ்ஸ்ஸ்... இருங்க.

இல்ல. வேற யாரோ. மணப்பாட்டுக்காரன் எவனோ பேசுதான். காத்து எப்படின்னு கேக்கான். பாத்தியளா, மத்தவன் குரல்லாம் வருது. அப்பம் ஏரியல்ல கோளாறு ஒண்ணும் இல்ல. செட்டுலயும் ஒண்ணும் இல்ல.

சரி. எங்க ஊர்ல போட்டெல்லாம் விடியப் போயி அன்னைக்கே திரும்பிரணும், அது ஒரு நல்ல காரியம். இல்லன்னா நான் செத்துருப்பேன். போட்டுல ஏற ஒரு பலகை போட்டிருந்தான். கஸ்பார்னு ஒரு பெரியவரு, வலை இழுக்கிற ஆளு, கையப் புடிச்சாரு. புடிக்க வேண்டாம்னேன். விடல. நல்லவேள.

ஹார்பர் வாயத் தாண்டினதும் ரெமி தொப்பியக் கழட்டினான். சட்டைப் பையிலருந்து ஒரு செபமாலைய எடுத்து முத்தங் குடுத்து, செட்டுத் திருகுல மாட்டினான். அப்படி மாட்டிட்டா அதுக்கு மேல அந்தத் திருகு யாரு கையும் படாது. அது அவங்கப்பா மாலை, அவரு கடைசியாக் கடலுக்குப் போன அன்னைக்கு வீட்டுல மறந்து வச்சிட்டுப் போனதாம். நான் எஞ்சின் பக்கம் பாத்துக்கிட்டேன். அதெல்லாம் நான் பாக்கக் கூடாதது மாதிரி இருந்துது.

பொறவு எனக்குக் காலைல தின்ன இட்லி ஒத்துக்கல. தண்ணிய எட்டிப் பாத்துப் பாத்து ஒத்துக்கல. ‘மெக்கானிக்கே, தூரத்தப் பாருங்க, கிட்டக்கப் பாக்காதீங்க’ன்னு ரெமி சொல்லுதான். தூரத்துல என்ன இருக்கு பாக்க? கரை ஒரு கோடு மாதிரி இருந்துது, அதுவும் போயிருச்சி. நான் கூரையத் தாங்குற இரும்புக் கம்பியப் புடிச்சேன். டைட்டா இருக்கான்னு பாக்கத்தான். கரை மறஞ்ச பொறவு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதுவரைக்கும் மூணு பெட்டியும் ஜம்முனு எரியுது. இன்னைக்குன்னு பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் நிம்மதி. வலை இறக்கி இழுத்துக்கிட்டு இருந்தாங்க. மத்தியானத்துக்கு மேல கெழக்கருந்து ஒரு மழை வந்துது சார். மழை வருதுன்னு நாம கரையில சொல்லுவோம்லா, அது இல்ல. ஒரு செவரு நடந்து வருது. வந்து மேல சாஞ்சிருச்சி. போட்டோட மூக்கே தெரியல. போட்டு ஒரு பக்கம் சாஞ்சி, மறு பக்கம் சாஞ்சி, என் காலு தரையில இல்ல. அப்பம் கூரையில சட்டுனு ஒரு பொறி.

மூணும் செத்துப்போச்சி.

உங்க கையக் குடுங்க. குடுங்க சார், காட்டுதேன். இது உங்க கை, வயருன்னு வச்சிக்கிடுங்க. ஜிபிஎஸ்ஸுக்குக் கூரை மேல போற வயரு. இது எங் கை, இரும்புக் கம்பி. போட்டு ஆட ஆட, வயரு கம்பில இப்படி உரசி உரசித் தோலு போயிருக்கு. பெருசா சாஞ்சாத்தான் தொடும். இப்படித் தொட்டுது, ஷார்ட்டு. நிமுந்துது, விட்டுருச்சி. கண்ண மூடித் தெறக்கிற நேரம். ஷார்ட்டு போயிருச்சி சார்! போன பொறவு தானா வரணும்லா? வரல. உங்க பெட்டிகிட்ட காத வச்சிக் கேட்டேன். டிக்குங்குது. கொஞ்சம் சும்மா இருக்கு. மறுபடி டிக்கு. அதுல பச்ச லைட்டு கண்ணத் தெறக்கப் பாக்கும், மூடிக்கிடும். தெறக்கப் பாக்கும், மூடிக்கிடும்.

அப்பம்தான் அந்தச் சத்தம். பூம்னு. வயித்துக்குள்ள கேட்டுது. கப்பல் ஊதுது.

கஸ்பார் ‘மாதாவே’ன்னு உக்காந்துட்டாரு. ரெமி நாலா பக்கமும் பாக்கான். மழைல சத்தம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னே தெரியல, எல்லாப் பக்கத்துலருந்தும் வருது. வலை வேற பின்னால தண்ணிக்குள்ள கெடக்கு. கப்பல் பாதைக்கு நாம உள்ள இருக்கமா வெளிய இருக்கமா, அதக் காட்டுற பெட்டி செத்துக் கெடக்கு. மத்த போட்டக் கேக்கலாம்னா செட்டு செத்துக் கெடக்கு. மேற்க ஓடினாத் தப்பிச்சாலும் தப்பிக்கலாம், நேரா அது மூக்குலயே போயி நின்னாலும் நிக்கலாம். மறுபடி பூம். கிட்டக்க.

பயந்தேன் சார். என்ன பொய் சொல்ல? என் வாயில ஈரமே இல்ல. மழை மொகத்துல அடிக்கி, வாயி மட்டும் காஞ்சி கெடக்கு. கோமதி சோத்தப் பாத்துக்கிட்டு நின்ன நிலைதான் கண்ணு முன்னால. நாங்க ரெண்டு பேரும் சேந்து போயிட்டம்னா அவ யாருகிட்டப் போயிச் சண்ட போடுவா?

கை மட்டும் சும்மா இருக்கல. அது பழக்கம். கன்வர்ட்டரப் புடிச்சேன், அதுலருந்து போற மூணு வயரையும் தடவிப் பாத்தேன். ஜிபிஎஸ்ஸு சுவிட்ச்சு ஆன்ல இருக்கு. எக்கோ ஆன்ல இருக்கு. செட்டு ஆன்ல இருக்கு, மாலை தொங்குது. அங்கன பிடிபட்டுது எனக்கு. கரையில காலைல போடும்போது மெயின மொதல்ல போடுதான், பொறவு ஒண்ணொண்ணா எழுப்புதான். கடையிலயும் நான் ஒண்ணுதான் மாட்டுதேன். கடல்லதான் மூணும் எந்நேரமும் ஆன்ல. இந்தப் பெட்டி எந்திரிக்கப் பாக்கும்போது மூணும் ஒண்ணு போல வாயத் தெறக்கு. எந்தப் பெட்டியும் எந்திரிக்கும்போது கொள்ளக் கரண்டு கேக்கும்லா. இது என்ன நெனைக்கி, ஓகோ, ஷார்ட்டு இன்னும் போகலன்னு நெனச்சி மறுபடி படுத்துக்கிடுது. மெயின அணைச்சிப் போட்டாலும் அதே கதைதான். காலம் பூரா டிக்கு டிக்குன்னு கெடக்கும்.

‘ரெமி, மூணையும் அணை. செட்ட அணை மொதல்ல’ன்னேன்.

‘செட்ட அணைக்க மாட்டேன்’னான்.

‘அது இப்பம் செத்துத்தானல கெடக்கு!’

‘செத்துக் கெடக்கது வேற மெக்கானிக்கே. நான் அணைக்கது வேற.’

கப்பல் ஊதுது, இவன் என்ட்ட இப்படிப் பேசுதான். அறையலாம் போல இருந்துது. ஆனா அவன் மொகத்தப் பாத்தேன் சார். கப்பலுக்குப் பயப்படல அவன். அந்தத் திருகுக்குப் பயப்படுதான். கடல்லயே கெடந்து வளந்த பய. நானே அணைச்சிரலாம்னு கைய நீட்டினேன். மாலை தொங்குது. நான் வேற சாமி கும்பிடுதவன், அவங்கப்பா மாலை, நான் எப்படித் தொட? கை பாதில நின்னுபோச்சி. அவன் மொகத்தயும் மாலையயும் மாறி மாறிப் பாத்தேன். ‘ஏய்யா, கோமதி இருக்காய்யா’ன்னேன்.

மாலைய எடுத்தான். முத்தங் குடுத்தான். எங்க வைக்கன்னு தெரியாம, என் கழுத்துல போட்டான் சார். போட்டுட்டுக் கண்ண இறுக்க மூடிக்கிட்டு செட்ட அணைச்சான். நான் மத்த ரெண்டையும் அணைச்சேன். டிக்கு நின்னுது. ஒரு மூச்சு விடுற நேரம் ஒண்ணுமே இல்ல. பொறவு பச்ச லைட்டு வந்து நின்னுது. மூடல. நின்னுது. ஜிபிஎஸ்ஸப் போட்டேன், எந்திரிச்சுது. எக்கோவப் போட்டேன், எந்திரிச்சுது. செட்டுத் திருக அவன்தான் திருப்பினான்.

திருப்பினதும், யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. ‘ரெமி, ரெமி, மழைக்கு முந்தி உன்னயக் கப்பல் வழில பாத்தேம்ல, தெக்க ஒதுங்கு, தெக்க ஒதுங்கு.’ எவ்வளவு நேரமாக் கூப்பிட்டாவளோ. ஜிபிஎஸ்ஸப் பாத்தா, ஆமா, நடுப் பாதைல நிக்கோம். இவன் மேற்க ஓட இருந்தவன். கஸ்பார் கத்திய எடுத்து வலைக் கயித்த அறுத்துட்டாரு. தெக்க திருப்பி முறுக்கினான். திரும்பிப் பாத்தா, நாங்க நின்ன எடத்துல ஒரு தெரு போகுது சார். மழைக்குள்ள, லைட்டு போட்டுக்கிட்டு, ஒரு பெரிய தெருவே நகந்து போகுது. அதுல ஒருத்தனுக்கும் நாங்க அங்க நின்னோம்னே தெரியாது.

கரைக்கு வந்து சேந்தோம். மாலைய இறங்கும்போதுதான் கழட்டிக் குடுத்தேன். எங் கழுத்துல கெடந்ததே மறந்துபோச்சி.

இப்பம் நீங்க சொல்லுங்க, இது உங்க கம்பெனித் தப்பா இல்லியா? ஷார்ட்டு எது, மூணு பெட்டி ஒண்ணா முழிக்கிறது எதுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரிய வேண்டாமா? இன்னும் கொஞ்சம் முக்கினா எந்திரிச்சிரும், அதுக்குள்ள படுத்துக்கிட்டா எப்படி? என்னயச் சொல்லாதீங்க. மூணு பெட்டியையும் சேத்து மாட்டிவச்சு எந்தக் கடையில சார் டெஸ்ட் பண்ணுவான்? இப்பம் பண்ணுதேன், அது வேற விஷயம்.

அந்த வயர மாத்திட்டேன், ரப்பர் போட்டுக் கட்டிட்டேன். ஆனா கடலு இன்னொரு வயரக் கண்டுபிடிக்காமயா இருக்கும்? அதனால, செட்டுக்கு மட்டும் தாமசமா கரண்டு போற மாதிரி ஒரு ரிலே வச்சுத் தாரேன்னேன். அதுவே அணைச்சி அதுவே போட்டுக்கிடும். வேண்டாம்னுட்டான். ‘தானா அணையிற செட்டு எனக்கு வேண்டாம் மெக்கானிக்கே. அணைக்கணும்னா நானே அணைக்கேன். அணைச்சேன்னு எனக்குத் தெரியணும்.’ சரின்னேன். ஒரே ஒரு கண்டிசன் போட்டேன். அணைச்சிப் போட்டதும் மொதப் பேச்சு கடைக்குப் பேசணும். மாடில ஏரியல் ஏத்தி இந்தச் செட்ட வச்சேன். ரிப்பேருக்கு வர்ற சாமான டெஸ்ட் பண்ணவும் ஆகும்லா.

ஆனா ஒண்ணு யோசிக்கல சார் நான். முந்தி செட்டுல சத்தம் நின்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்கே தெரியும் அந்த அர்த்தம். இப்பம் ரெண்டு அர்த்தம். அந்த ரெண்டாவத நான்தான் கத்துக்குடுத்தேன். பேசிக்கிட்டே இருப்பான், நின்னுரும். அணைச்சிருக்கான், இப்பம் போட்டுருவான், வரிசையாத்தான போடணும், கொஞ்சம் ஆகும்னு நானே எனக்குச் சொல்லிக்கிடணும். யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. கோமதிகிட்டச் சொல்ல முடியுமா? அவ இப்பம் சாப்பாடு கொண்டு வர்ற நேரம். அவ வர்றதுக்குள்ள குரல் வந்துரணும். மெயினு போட்டு, ஜிபிஎஸ்ஸு போட்டு, எக்கோ போட்டு, செட்டு போட இவ்வளவு நேரமா ஆகும்? நீங்க வந்து எவ்வளவு நேரமாச்சு? இல்ல, சொல்லாதீங்க. சொல்ல வேண்டாம்.

மானம் இப்பம் எப்படி இருக்கு? உங்களால எட்டிப் பாக்க முடியலியா? பரவால்ல, உக்காருங்க. எந்திரிக்காதீங்க. என்ட்டயே உக்காருங்க.

படியில செருப்புச் சத்தம் கேக்குல்லா. கோமதிதான். அவ செருப்புதான் அது. சார், அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. நாம விலை பேசிக்கிட்டிருந்தோம், என்ன? விலைதான் பேசிக்கிட்டு...

ஸ்ஸ்ஸ்!

கேட்டியளா? கேட்டியளா சார்? ‘கடை, கடை’ங்கான்! அவன்தான்! மைக்க எடுங்க, அங்க, உங்க அந்தப் பக்கம், எடுத்துக் குடுங்க.

ம். கேக்கு. சொல்லு. என்னல இவ்வளவு நேரம், தூங்கிட்டியா? ஜிபிஎஸ்ஸு, எக்கோ, கடைசியில செட்டு, அந்த வரிசயிலதான போட்ட? சரி. சரி. சாள வலை கொள்ளாத அளவுக்கு விழுந்திருக்காக்கும். கிழக்க மழை நிக்கி, போதும், வலைய எடுத்துட்டு வந்து சேரு. என்னது? ஏல, மாமான்னு கூப்பிடாதன்னு உன்ட்டச் சொல்லியிருக்கேம்லா?

கேட்டியளா சார் அந்தப் பய சொல்லுதத? ‘கடையிலதான கூப்பிடக் கூடாதுன்னிய, நான் கடல்லல்லா இருக்கேன்’ங்கான்.

சரி, கூப்பிட்டுக்க. கடல்ல மட்டும். வையி, வையி, பேட்டரி போகும்.

பாத்தியளா, நான் சொன்னேம்லா வருவான்னு? நான் பயப்படவே இல்ல. அய்யய்யோ, இது யாரு கை? உங்க கையா? நான் அப்பம் புடிச்சது, விடவே இல்லியா? இப்படிச் செவந்துபோச்சே, நகம் வேற பதிஞ்சிருக்கு. வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல சார். இந்தா, கோமதி வந்துட்டா. கைல என்னன்னு அவ கேட்டா, ஷார்ட்டு எப்படி ஆகுதுன்னு மெக்கானிக் காட்டிக்கிட்டிருந்தாருன்னு சொல்லிருங்க.